சொத்தையை முழுவதும் சுரண்டாமல் மருந்து வைத்து மூடலாமா?

அம்மாபேட்டை வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆறு வயதில் முளைத்த வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை விழுந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று இழுக்கிறது. சில நொடிகளில் நின்றுவிடுகிறது. இரவில் வலி இல்லை, வீக்கமும் இல்லை.

முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததுமே, சொத்தை நரம்புக்கு அருகில் போய்விட்டதால் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டுவிடலாம் என்றார்கள். மனம் ஒப்பாமல் வேறொரு மருத்துவரிடம் காட்டினேன். அவர், நரம்புக்கு மேலே இருக்கும் மெத்தென்ற பகுதியைக் கொஞ்சம் அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் ஒரு மருந்தை வைத்து இறுக்கமாக அடைத்தால் பல் தானே தேறிக்கொள்ளும் என்றார்.

நான் கணக்கு வாத்தியார். பல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும், கெட்டுப்போனதை உள்ளே வைத்து மூடுவது, காலில் தைத்த முள்ளை எடுக்காமல் புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் போல ஆகிவிடாதா என்று என் மனைவி கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்ன அந்த மருந்து என்ன, அது உண்மையிலேயே பல்லைப் பலப்படுத்துமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சூரமங்கலம் ஓய்வூதியர் எழுதியது:

வாத்தியாரே, உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி. எங்கள் காலத்தில் கறுப்பு கண்ணில் படாத வரைக்கும் ராவி எடுத்த பிறகுதான் வெள்ளி அடைப்பார்கள். அப்படி அடைத்த பல் ஒன்று முப்பது ஆண்டுகளைக் கடந்து இன்றும் எனக்கு முறுக்குக் கடிக்கப் பயன்படுகிறது. பாதி சொத்தையை உள்ளே விடுவது என்பது, மறுபடியும் நம்மை வரவழைப்பதற்கான வழியாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

நான்கு ரோடு பல் மருத்துவர் எழுதியது:

ஓய்வூதியர் ஐயாவின் பல்லைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால், அவ்வாறு கறுப்பு முழுவதும் போகும்வரை ராவியதில் நரம்பு திறந்துகொண்டு, பிறகு பிடுங்க நேர்ந்த பற்களும் அந்தக் காலத்தில் ஏராளம். அவை இன்று சாட்சி சொல்ல வாயில் இல்லை.

வாத்தியாரின் கேள்விக்கு வருகிறேன். பல்லின் மேலோடான எனாமலில் எடைக்கு ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள்தான். அதற்குக் கீழே இருக்கும் டென்டின் அப்படியன்று. அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு தாது, 20 விழுக்காடு கொலாஜன் என்னும் நார்ப்புரதம் முதலிய கரிமப்பொருள், மிச்சம் நீர். நீங்கள் அம்மாபேட்டைக்காரர் என்பதால் தறியை வைத்தே சொல்லிவிடலாம். கொலாஜனைப் பாவு நூல் என்று கொள்ளுங்கள். தாதுவை அந்தப் பாவுக்குப் போடும் கஞ்சி என்று கொள்ளுங்கள். சொத்தையில் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் முதலில் கஞ்சியைத்தான் கரைக்கிறது. பாவு துவண்டுபோகும்; ஆனால் நூல் அறுந்திருக்காது. அந்த நிலையில் மீண்டும் கஞ்சி ஏறினால் பாவு விறைக்கும். அமிலமும் கிருமியும் நெடுநாள் தங்கிவிட்டால்தான் நூலே இற்று அறுகிறது; அறுந்த பாவுக்கு எவ்வளவு கஞ்சி போட்டும் பயனில்லை.

ஆழமான சொத்தைக்குள் இந்த இரண்டு நிலைகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலே, ஈரமாக, கரண்டியால் வழித்தால் குழைந்து வருவது நூல் அறுந்த பகுதி. கிருமிகள் மண்டியிருப்பதும் அங்கேதான். அதற்குக் கீழே, தோலைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து வருவது கஞ்சி கரைந்த பகுதி. அங்கே கிருமிகள் குறைவு. ஜப்பானில் பேராசிரியர் புசயாமா 1970-களிலேயே இந்த இரண்டு அடுக்குகளையும் பிரித்துக் காட்டினார். பல்லுக்குள் உயிருள்ள நரம்பு இருக்கும்வரை, உள்ளிருந்தும் புதிய டென்டினை உண்டாக்கும் செல்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இன்றைய முறை இதுதான்: குழியின் விளிம்பைச் சுற்றிலும் கெட்டியான, சுத்தமான பல் தெரியும்வரை எடுக்க வேண்டும், அதில் சலுகையே கிடையாது. நரம்புக்கு நேர் மேலே மட்டும், மேலும் சுரண்டினால் நரம்பு திறந்துகொள்ளும் என்னும் இடத்தில் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும். 2016-ல் பன்னாட்டுச் சொத்தை வல்லுநர் குழு வெளியிட்ட பரிந்துரையும், ஆழமான சொத்தையில் உயிருள்ள நரம்பைக் காப்பாற்ற இதையே சொல்கிறது.

முள்ளை உள்ளே வைத்துக் கட்டுவதோடு ஒப்பிட்டது நல்ல கேள்வி. முள் உடம்புக்கு வேற்றுப்பொருள். இங்கே உள்ளே விடுவது உங்கள் மகளின் சொந்தப் பல். மிஞ்சிய கிருமிகளுக்கோ வெளியிலிருந்து சர்க்கரை வர வேண்டும். விளிம்பு ஒழுகாமல் மூடப்பட்டால் அவற்றுக்குச் சோறில்லை. பெரும்பாலானவை செத்தோ ஒடுங்கியோ போகின்றன. விளிம்பு ஒழுகினால் உங்கள் மனைவி பயப்படுவதுதான் நடக்கும்.

அம்மாபேட்டை வாத்தியார் எழுதியது:

பாவும் கஞ்சியும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிட்டன. டாக்டர், கஞ்சி எங்கிருந்து வருகிறது? அந்த மருந்துதான் கஞ்சியா?

நான்கு ரோடு பல் மருத்துவர் எழுதியது:

ஒரு பகுதி மருந்திலிருந்து, ஒரு பகுதி பல்லின் உள்ளிருந்தே வருகிறது. மருந்து என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகைகள் இருக்கின்றன.

பழையது கால்சியம் ஹைட்ராக்சைடு. 1920-களிலிருந்து பல் வைத்தியத்தில் இருந்துவருகிறது. வேதியியல்படி இது நீற்றிய சுண்ணாம்பேதான். வெற்றிலைக்குத் தடவுவதன் தூய்மையான தம்பி என்று சொல்லலாம். இதன் பி.எச். அளவு (காரத்தன்மையின் அளவு) ஏறத்தாழ 12.5 என்பதால் பெரும்பாலான கிருமிகளால் இதன் அருகில் பிழைக்க முடியாது. அந்தக் காரத்தின் தூண்டுதலால் நரம்பு தனக்கு மேலே புதிய டென்டினைக் கட்டிக்கொள்கிறது. குறை என்னவென்றால், இது பல்லோடு ஒட்டுவதில்லை. நாள்பட நாள்படக் கரைந்துபோய் அடைப்புக்கு அடியில் வெற்றிடத்தை விட்டுவிடுகிறது.

இரண்டாவது, கால்சியம் சிலிகேட் சிமென்ட் வகை. அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாத் 1993-ல் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. இதில் முன்னோடி. சங்ககிரிப் பக்கம் சிமென்ட் ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்: எம்.டி.ஏ.யின் அடிப்படை, வீடு கட்டும் போர்ட்லாண்ட் சிமென்டோடு ஏறக்குறைய ஒன்றே. எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு சேர்ப்பார்கள். தண்ணீர் பட்டால் இறுகி, இறுகும்போதே கால்சியம் ஹைட்ராக்சைடைக் கசியவிடும். அதாவது சுண்ணாம்பின் குணம் இருக்கும், சுண்ணாம்பைப் போலக் கரைந்துவிடாது. ஆனால் இறுக இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். பல்லைக் கறுக்கவும் செய்யும். பிறகு வந்த பயோடென்டின், ஏறத்தாழ 12 நிமிடத்தில் இறுகுவதோடு பல்லையும் அவ்வளவாகக் கறுக்கச் செய்வதில்லை. (யாரும் இதைப் படித்துவிட்டுக் கட்டட சிமென்டைக் குழைத்துப் பல்லில் வைத்துவிட வேண்டாம். அதில் கலந்திருக்கும் மற்றப் பொருள்களுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.)

மூன்றாவது, கிளாஸ் அயனோமர் சிமென்ட். 1972-ல் லண்டனில் வில்சனும் கென்டும் அறிவித்தது. பொடி ஒருவகைக் கண்ணாடி, நீர்மம் பாலி அக்ரிலிக் அமிலம். இரண்டையும் குழைத்து வைத்தால் பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதியியல் முறையில் தானே ஒட்டிக்கொள்ளும். ஃபுளூரைடைச் சிறிது சிறிதாக விடும். ஸ்ட்ரான்சியம் சேர்ந்த கண்ணாடியைக் கொண்டு செய்த அடைப்புகளுக்கு அடியில், தாதுவிழந்த டென்டினுக்குள் ஸ்ட்ரான்சியமும் ஃபுளூரைடும் நுழைந்திருப்பதை நேரடியாகவே அளந்து பார்த்திருக்கிறார்கள். பல்லில் இயல்பாக ஸ்ட்ரான்சியம் மிகக் குறைவு என்பதால், சிமென்டிலிருந்துதான் போயிற்று என்பதில் ஐயமில்லை. நீங்கள் கேட்ட கஞ்சி இதுதான்.

இனி ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நரம்பு திறக்காமல், கொஞ்சம் மென்மையான டென்டினை விட்டு மூடும்போது, அடியில் இந்த மருந்தா அந்த மருந்தா என்பதிலோ, மருந்தே வைக்காமல் நேரடியாக அடைப்பதிலோ முடிவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்று காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. என் அனுபவத்தில் மருந்தின் பெயரைவிட மூடியின் இறுக்கம்தான் பல்லைக் காப்பாற்றுகிறது. விலை கூடிய மருந்தை உள்ளே வைத்துவிட்டு, எச்சில் படிந்த விளிம்பில் அடைப்பை ஒட்டுவதால் யாருக்கும் நன்மையில்லை.

சிவதாபுரம் கொலுசுப் பட்டறை எழுதியது:

டாக்டர் சொல்லும் கடைசிச் செய்தி எங்கள் தொழிலில் முதல் பாடம். கொலுசில் வளையத்தைப் பற்றவைக்கும்போது, பற்றாசு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பரப்பில் எண்ணெய்ப் பசையோ அழுக்கோ இருந்தால் அது ஓடாது. வெங்காரம் தடவிச் சுத்தம் செய்த இடத்தில்தான் பிடிக்கும். பல்லுக்கும் வெங்காரம் போல ஏதாவது உண்டா? பழைய வெள்ளி அடைப்பில் எங்கள் வெள்ளிதான் இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

நான்கு ரோடு பல் மருத்துவர் எழுதியது:

உண்டு, அண்ணா. கிளாஸ் அயனோமர் வைப்பதற்கு முன் நீர்த்த பாலி அக்ரிலிக் அமிலத்தைச் சில நொடிகள் தடவிக் கழுவுவோம். ராவும்போது பரப்பில் படிந்த தூசுப்படலம் அதனால் நீங்கும். கழுவிய பிறகு காற்றடித்து வறளவும் விடக்கூடாது, எச்சில் படவும் விடக்கூடாது. லேசான மினுமினுப்பு தெரிய வேண்டும். வைத்த பிறகும் முதல் சில மணி நேரம் அந்தச் சிமென்டுக்குத் தண்ணீரும் ஆகாது, வறட்சியும் ஆகாது என்பதால் மேலே வார்னிஷோ வாசலினோ தடவுகிறோம். பிசின் வகை அடைப்புக்கு வேறு அமிலம், வேறு பசை. மெத்தென்ற டென்டினின் மேல் அந்தப் பசையின் பிடிப்பு கெட்டியான பல்லில் இருப்பதைவிடக் குறைவு; ஆகவேதான் விளிம்பைக் கெட்டியாக விட வேண்டும் என்று மேலே வற்புறுத்தினேன்.

பழைய அடைப்பில் இருப்பது வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியைப் பாதரசத்தில் குழைத்த ரசக்கலவை. அது பல்லோடு ஒட்டுவதில்லை. உள்ளே அகன்று வாய் குறுகிய குழியில் பூட்டிக்கொண்டு நிற்பது. அந்தக் குழிக்காக நல்ல பல்லையும் வெட்ட வேண்டியிருந்தது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் வந்த பிறகு அதன் பயன்பாடு குறைந்துகொண்டே வருகிறது.

ஏற்காடு செவிலி எழுதியது:

வெள்ளி என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் சேர்வராயன் மலையில் எஸ்டேட்டுப் பிள்ளைகளையும் மலைக்கிராமத்துப் பிள்ளைகளையும் பார்க்கும் பணியில் இருக்கிறேன். இங்கே பல் வலியென்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குத்தான் போக வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்தத் தாயும் பால்பல்லுக்காக இறங்குவதில்லை. வலி தாங்காத குழந்தைக்குக் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைப்பதோடு நின்றுவிடுகிறது.

ஒரு முகாமில் வந்த பல் மருத்துவர், ராவும் கருவியே இல்லாமல், சொத்தையை ஒற்றி உலர்த்தி, ஒரு சொட்டு மருந்தைச் சிறு தூரிகையால் ஒரு நிமிடம் தேய்த்தார். வெள்ளி டயமைன் ஃபுளூரைடு என்று பெயர் சொன்னார். அம்மோனியா நெடி அடித்தது. குழந்தை அழவில்லை, ஊசியும் இல்லை. ஆனால் சில நாட்களில் சொத்தை இருந்த இடமெல்லாம் மை பூசியதைப் போலக் கறுத்துவிட்டது. பிள்ளையின் பல்லைக் கெடுத்துவிட்டீர்களே என்று அதன் பாட்டி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அந்த மருந்து உண்மையில் பல்லைப் பலப்படுத்தியதா, அல்லது கறுப்பாக்கியதோடு சரியா?

நான்கு ரோடு பல் மருத்துவர் எழுதியது:

பாட்டியிடம் முதலிலேயே கறுக்கும் என்று சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அது எங்கள் தரப்புப் பிழை. மருந்தின் மேல் பிழையில்லை.

வழக்கமாகப் பயன்படுத்தும் 38 விழுக்காட்டுக் கரைசலில் ஃபுளூரைடு பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 44,800 பங்கு இருக்கிறது. பற்பசையில் இருப்பது 1,000 முதல் 1,500 வரைதான். அதனால்தான் சொட்டுக் கணக்கில் தொடுகிறோம். வெள்ளி கிருமியைக் கொல்கிறது. ஃபுளூரைடு தாது திரும்பப் படிவதற்கு உதவுகிறது. மருந்து பிடித்த சொத்தை மெத்தென்று இருந்த நிலை மாறிக் கெட்டியாகிவிடும். கருவியால் தொட்டுப் பார்த்தால் கைக்கே தெரியும். கறுப்பு என்பது அங்கே படிந்த வெள்ளியின் நிறம். கொலுசு கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஜப்பானில் 1970-லிருந்தே இது பயன்பாட்டில் இருக்கிறது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம், கிளாஸ் அயனோமரையும் இதையும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இதைத் தடவிக் கெட்டியாக்கிவிட்டு, அதன்மேல் கிளாஸ் அயனோமரை வைத்து மூடும் முறையும் இருக்கிறது. கைக்கருவியால் மட்டும் சொத்தையை வழித்து அதே சிமென்டால் அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் உருவானது. மின்சாரம் வேண்டாம், நாற்காலி வேண்டாம், பள்ளிக்கூடப் பெஞ்சு போதும். மலைக்கு இவ்விரண்டும் பொருந்தும் என்பது என் கருத்து. நரம்பு வெளியே தெரிகிற பல்லுக்கும், தானாக வலிக்கிற பல்லுக்கும், வெள்ளி ஒவ்வாதவர்களுக்கும் மட்டும் இந்தக் கரைசல் கூடாது.

ஓமலூர் ஆழ்துளைக் கிணறு எழுதியது:

என்னுடையது வேறு மாதிரிச் சிக்கல். சிறு வயது முழுவதும் எங்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தேன். பற்களில் பழுப்புப் பட்டை விழுந்திருக்கிறது. அங்கங்கே குழி குழியாகப் பொரிந்தும் இருக்கிறது. அந்தக் குழிகளில் வைத்த வெள்ளை அடைப்பு இரண்டு முறை பெயர்ந்து விழுந்துவிட்டது. ஃபுளூரைடு பல்லைப் பலப்படுத்தும் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதே ஃபுளூரைடு பல்லைக் கெடுத்திருக்கிறது. இது எப்படி?

நான்கு ரோடு பல் மருத்துவர் எழுதியது:

அளவும் காலமும்தான் வேறுபாடு. குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் எட்டு வயது வரையிலான பருவத்தில் அதற்கு மேல் உடம்புக்குள் போனால், எனாமல் சரியாக முதிராமல் உள்ளுக்குள் நுண்துளைகளோடு நின்றுவிடும். பக்கத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததற்கு இதே சிக்கல்தான் காரணம். வளர்ந்து முடிந்த பல்லின் மேல் தொடுகிற ஃபுளூரைடு அந்தக் கேட்டைச் செய்வதில்லை.

உங்கள் அடைப்பு விழுவதற்கும் விளக்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட எனாமலின் மேற்பரப்பு ஃபுளூரைடு மிகுந்து அமிலத்துக்கு எளிதில் கரையாது. அமிலம் கரைத்துச் சொரசொரப்பாக்கினால்தான் பசை பிடிக்கும். அதற்குக் கீழே இருப்பதோ நுண்துளை மிகுந்த நொய்ந்த பகுதி. மேல் படலத்தை மிக மெல்லியதாக ராவிவிட்டு, அமிலத்தை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வைத்துக் கழுவி ஒட்டச் சொல்லுங்கள். சிறு வயதில் குடித்த தண்ணீரைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

சூரமங்கலம் ஓய்வூதியர் எழுதியது:

இவ்வளவையும் படித்த பிறகு என் முதல் கருத்தைப் பாதி திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி, தொலைக்காட்சியில் வரும் பற்பசையைப் பற்றியது. தேய்த்தாலே பல் திரும்ப வளரும் என்பது போலக் காட்டுகிறார்களே, அப்படியானால் இந்தச் சிமென்டெல்லாம் எதற்கு?

நான்கு ரோடு பல் மருத்துவர் எழுதியது:

குழி விழாத வரைக்கும் அதில் உண்மை இருக்கிறது. எனாமலில் சுண்ணாம்பு பட்டதைப் போல வெண்புள்ளி மட்டும் தெரிகிற கட்டத்தில், ஃபுளூரைடும், பாலின் கேசீன் புரதத்திலிருந்து மெல்போர்னில் உருவாக்கிய கால்சியம் பாஸ்பேட் பசையும், 1969-ல் லாரி ஹென்ச் எலும்புக்காகக் கண்டுபிடித்த உயிரியக்கக் கண்ணாடியின் வழியில் வந்த பற்பசையும், இழந்த தாது திரும்பப் படிவதற்கு உதவக்கூடும். பால் ஒவ்வாதவர்கள் கேசீன் பசையைத் தொடக்கூடாது. குழி விழுந்த பிறகு எந்தப் பசையும் அதை நிரப்பாது. எனாமலை உண்டாக்கிய செல்கள் பல் முளைத்த அன்றே போய்விட்டன.

அம்மாபேட்டை வாத்தியார் எழுதியது (ஏழு மாதங்களுக்குப் பிறகு):

பாதியில் விட்டுப் போனதற்கு மன்னிக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள் என்று காலம் ஓடிவிட்டது. இரண்டாவது மருத்துவரிடமே செய்துகொண்டோம். நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் குளிர்ச்சியை வைத்துப் பார்த்தார். பல்லைச் சுற்றி ரப்பர் துணியைக் கட்டி எச்சில் படாமல் மறைத்துக்கொண்டார். விளிம்பு முழுவதும் ராவி முடித்த பிறகு, நடுவில் மட்டும் கைக்கரண்டியால் மெதுவாக வழித்தார். தோல் போல உரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். அதன்மேல் பயோடென்டின், அதன்மேல் வெள்ளை அடைப்பு என்று ஒரே நாளில் முடிந்தது. ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்து மறுபடி திறந்து மீதியைச் சுரண்டும் பழைய முறையும் உண்டாம். திறக்கும்போது நரம்பு வெளிப்பட்டுவிடும் அபாயம் மறுபடியும் வருவதால் தாம் அதைச் செய்வதில்லை என்றார்.

முதல் வாரம் கடிக்கும்போது லேசான கூச்சம் இருந்தது. இப்போது ஒன்றுமில்லை, தட்டுவடை செட்டை அந்தப் பக்கத்திலேயே வைத்துக் கடிக்கிறாள். சென்ற வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பு எதுவும் இல்லை என்றார்கள். இனி எப்போது காட்ட வேண்டும், டாக்டர்?

நான்கு ரோடு பல் மருத்துவர் எழுதியது:

மகிழ்ச்சி. ஆண்டுக்கு ஒரு முறை காட்டினால் போதும். இரவில் தானாக வலித்தாலோ, சூடு பட்ட பிறகு வலி நெடுநேரம் நிற்காமல் இழுத்தாலோ, ஈறில் கொப்புளம் தெரிந்தாலோ அன்றே போய்விடுங்கள். அப்போது வேர் சிகிச்சைதான் வழி. முதல் மருத்துவமனையில் சொன்னது அந்த நிலைக்குப் பொருந்தும். போகும்போது இரண்டு எக்ஸ்ரே படங்களையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். புதிய படத்தையும் அதே கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கோணம் மாறினால் மருந்துக்கு அடியில் டென்டின் தடித்திருக்கிறதா என்பதை ஒப்பிட்டுச் சொல்ல முடியாது.

அம்மாபேட்டை வாத்தியார் எழுதியது:

இரண்டையும் மகளின் மதிப்பெண் சான்றிதழ்களோடு ஒரே உறையில் போட்டு வைத்துவிட்டேன்.